காலியாக இருந்த வரிசை

2018ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், கிளிநொச்சியில் ஒரு சிறிய செய்திப் பணிமனைக்கு உதவியாகச் சென்றிருந்தேன். ஓரிரவு மின்சாரம் போய் வந்தது. மறுநாள் முதல் அங்கிருந்து அனுப்பிய மின்னஞ்சல் எதற்கும் பதில் வரவில்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 முதல் கந்தசுவாமி கோவில் முன்றலில் போராடிவந்தனர். அங்கிருந்த ஒரு தாய், மகனைப் பற்றிய விவரங்களை சுவிஸில் உள்ள மகளுக்கு எங்கள் மூலமே அனுப்பியிருந்தார்.

"தம்பி, கடிதம் போய்ச் சேர்ந்ததோ?"

பணிமனைக் கணினியில் போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சல் வழங்கிகள் இரண்டு இருந்தன: வரும் அஞ்சலுக்கு ஒன்று, போகும் அஞ்சலுக்கு மற்றது. ஒவ்வொன்றுக்கும் தனி அமைவு, தனி வரிசை. 2009இல் வந்த 2.6 பதிப்பு இவற்றை நிர்வகிக்கத் தனிக் கட்டளையே தந்தது. என் கணக்கில் ஒரு சூழல் மாறியை வைத்து, இரண்டாவதையே கேட்குமாறு செய்திருந்தேன்.

சாதாரணப் பயனராக வரிசையைக் கேட்டேன். 'அஞ்சல் அமைப்பு இயங்கவில்லை' என்றது. எனக்கு அனுமதி போதவில்லை போலும் என்றெண்ணி, கட்டளைக்கு முன் 'சூடோ' சேர்த்தேன். 'வரிசை காலி' என்றது. நிம்மதியாயிற்று.

"போய்விட்டது அம்மா" என்றேன்.

மூன்று நாள் கழித்தே பிழை விளங்கியது. சூடோ, பாதுகாப்புக் கருதி, அழைப்பவரின் சூழல் மாறிகளிற் பெரும்பாலானவற்றைக் களைந்துவிடும். நான் வைத்த அடையாளமும் அவற்றோடு போயிற்று. முழு அதிகாரத்தோடு நான் பார்த்தது முதலாவது வழங்கியின் வரிசையை. அது உண்மையாகவே காலிதான். அதிகாரமற்ற பயனருக்குக் கிடைத்த விடையே சரியானது.

இம்முறை சூடோவுடன் 'போஸ்ட்மல்டி' கட்டளையை இட்டு, இரண்டாவது வழங்கியின் பெயரையும் குறித்துக் கேட்டேன். அனுப்பிய கடிதங்கள் அனைத்தும் அங்கே காத்திருந்தன. அமைப்பு நின்றிருந்தாலும் அனுப்பும் கட்டளை அஞ்சலை வாங்கி வைத்துக்கொள்ளும், முறைப்பாடு சொல்லாது. துணை வழங்கியை 'இயங்கலாம்' என்று ஒருமுறை குறித்துவைக்காவிடில், மறுதொடக்கத்தில் முதலாவது மட்டுமே எழும். யாரும் குறித்திருக்கவில்லை. குறித்துத் தொடங்கியதும் கடிதங்கள் புறப்பட்டன.

கொட்டகைக்குச் சென்று, நான் முன்னர் சொன்னது பொய்யாகிவிட்டதென்று அந்தத் தாயிடம் கூறினேன். "பரவாயில்லைத் தம்பி, இப்ப போயிட்டுதுதானே" என்றார்.

'முறைப்பாடு எதுவும் கிடைக்கவில்லை' என்று அதிகாரிகள் சொன்னதை என் பத்திரிகை வாழ்வில் எத்தனையோ முறை அப்படியே எழுதியிருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லாமலும் இருந்திருக்கலாம். எந்த வரிசையைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று நான்தான் கேட்டதில்லை.