மீட்டர் சொன்ன 38 ஆயிரம்

அப்பத்தாவுக்கு மாசம் ரெண்டு தடவை திருச்சி ஆஸ்பத்திரி. பஸ்ஸில் ஏற முடியவில்லை, வாடகைக் காருக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. அப்பா சீட்டுப் பணத்தை எடுத்துப் பழைய கார் ஒன்று பார்க்கக் கிளம்பினார். கூடவே பி.காம் படிக்கும் அடியேன். (கணக்குப் படிக்கிற பையனாச்சே, ஏமாற மாட்டானாம். ஹி ஹி!)

நம்ம ஊரில் "மைலேஜ் எவ்வளவு?" என்றால் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று அர்த்தம். வண்டி இதுவரை எவ்வளவு ஓடியிருக்கிறது என்பதுதான் பழைய காருக்கு முக்கியம். நாங்கள் கேட்டது முதல் கேள்வியைத்தான். "இருபதுக்குக் குறையாதுண்ணே" என்றார் புரோக்கர்.

2016 மாடல் ஆல்டோ 800, டிஎன் 55 நம்பர், மீட்டரில் 38 ஆயிரம். அப்பா அங்கேயே 5,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். ரசீதா? அதெல்லாம் வாய் வார்த்தைதான்.

மறுநாள் சித்தப்பா தெரிந்த மெக்கானிக் அண்ணனைக் கூட்டிவந்தார். அவர் மீட்டர் பக்கமே திரும்பவில்லை. கிளட்ச் பெடல் ரப்பரைத் தடவினார், வரியெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடம் பளபளப்பு. அப்புறம் டயர் ஓரத்தைக் காட்டினார். 1219 என்று நாலு எண். முதல் ரெண்டும் வாரம், அடுத்த ரெண்டும் வருஷம். 2019இல் 12ஆவது வாரம் செய்த டயர். நாலிலும் அதேதான்.

"தம்பி, இப்பக் கணக்குப் போடு" என்றார். ஒன்பது வருஷத்துக்கு 38 ஆயிரம் என்றால் வருஷத்துக்கு 4,200 சொச்சம். மூணு வருஷத்தில் 13 ஆயிரம்கூட இல்லை. சாதாரணமாக 40 ஆயிரம் வரை உழைக்கிற டயரை 13 ஆயிரத்தில் நாலையும் சேர்த்து மாற்றுகிற ஆள் நம்ம மாவட்டத்தில் யார் சார்? விசாரித்தால், பழைய ஓனர் தினமும் திருச்சிக்கு வேலைக்குப் போய்வந்தவராம். போக வர 100 கிலோமீட்டருக்கு மேல், மாசம் 25 நாள். ரெண்டே வருஷம் போயிருந்தாலும் 60 ஆயிரம்!

டிஜிட்டல் மீட்டரில் கருவியைச் சொருகி எண்ணை மாற்றிவிடுகிறார்களாம். பெல்ஜியத்தில் 2006 முதல் கார்-பாஸ் என்று ஒரு சான்றிதழ் உண்டு, வண்டியின் பழைய கிலோமீட்டர் பதிவெல்லாம் அதில் வந்துவிடும். இங்கே பெடல் ரப்பர்தான் சான்றிதழ்.

அட்வான்ஸில் 3,000 திரும்பி வந்தது, அதுவும் நாலு நடை நடந்து.

அடுத்து வாங்கிய வண்டி 92 ஆயிரம் ஓடியது. ஓனர் ஒரு வாத்தியார், சர்வீஸ் பில் எல்லாவற்றையும் ஃபைலில் போட்டுக் கொடுத்தார். மீட்டரைப் பார்த்தே எல்லோரும் விலையைக் குறைத்துக் கேட்டார்களாம். நாங்களும் குறைத்துத்தான் கேட்டோம். பொய்ச் சரக்கு இருக்கும் சந்தையில் நல்ல சரக்குக்கும் விலை போகாது என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970இலேயே பழைய காரை வைத்து எழுதி, 2001இல் நோபல் வாங்கினார். பேரம் பேசும்போது அது எனக்கு ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

லிட்டருக்குப் பதினாறுதான் கொடுக்கிறது. அப்பத்தா முன் சீட்டில்தான் உட்காருவேன் என்கிறது.