துன்முகி வருஷம் என்றால் எந்த வருஷம்?

நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் நிலம் இருந்தால், அதற்கான காகிதமும் பத்திரமாக இருக்க வேண்டும். சுரங்கத்துக்கு எப்போது நிலம் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. இழப்பீட்டுக்கு உரியவர் யார் என்ற கேள்வி வரும்போது, தாத்தா காலத்துப் பத்திரத்தைத்தான் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும்.

அப்படி ஒரு பத்திரம், கணவரை இழந்த ஒரு விவசாயப் பெண்ணிடம் இருந்தது. ஒரு காணி நிலம், அதாவது ஏறக்குறைய 1 ஏக்கர் 32 சென்ட். மாமனார் கிரயம் வாங்கியது என்றார் அவர். பங்காளிகளோ, "இது கொள்ளுத்தாத்தா வாங்கிய பூர்வீகம், எங்களுக்கும் பங்கு உண்டு" என்றார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் இருவர் பெயரும் ஒன்றே. பதிவு விவரம் இருந்த பின்பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது. மிஞ்சிய முன்பக்கத்தில் 'துன்முகி வருஷம் தை மாதம் 10ந் தேதி, தென்னாற்காடு ஜில்லா, விருத்தாசலம் தாலுகா' என்று மட்டும் இருந்தது.

தமிழ் வருஷங்கள் 60. சுற்று முடிந்ததும் அதே பெயர் திரும்ப வரும். துன்முகி 1896லும் பிறந்தது, 1956லும் பிறந்தது. ஜில்லா பெயரும் கைகொடுக்கவில்லை. வெள்ளைக்காரர் காலத்திலும் அது தென்னாற்காடுதான். 1993ல்தான் அது கடலூர், விழுப்புரம் என இரண்டு மாவட்டங்களாகப் பிரிந்தது.

வழக்கைத் திருப்பியது முத்திரைத் தாள். அதில் ராணியின் தலை இல்லை, நான்முகச் சிங்கம் இருந்தது. ஆகவே அது குடியரசு ஆன பிறகு வந்த துன்முகி. தாளின் மதிப்பு அணாவில் இருந்ததும் பொருந்தியது. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் முதல் தேதிதான்.

ஆனாலும் பதிவு அலுவலகத்தில் நகல் கிடைக்கவில்லை. துன்முகி என்றால் 1956 என்று அந்த ஆண்டின் அட்டவணையையே தேடினார்கள். சித்திரையில் பிறக்கும் துன்முகியின் தை மாதம் 1957 ஜனவரியில் வருகிறது. அந்த ஆண்டைத் தேடச் சொன்னதும் நகல் வந்தது. ஃபசலி 1367 என்று போட்ட கிஸ்து ரசீதும் மாமனார் பெயரில் இருந்தது. பெரியவர்கள் முன்னிலையில் இரண்டையும் வைத்ததும் பங்காளிகள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஃபசலி கணக்கு எளிது. ஜூலை 1ல் தொடங்கி ஜூன் 30ல் முடியும். ஃபசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். 1367 என்றால் 1957 ஜூலை முதல் 1958 ஜூன் வரை. ஆனி மாதத்தில் மட்டும் கவனம் வேண்டும். அதன் முற்பாதி ஒரு ஃபசலி, பிற்பாதி அடுத்த ஃபசலி.

தாலுகா மாறியதையும் பார்க்க வேண்டும். பழைய பத்திரத்தில் கடலூர் தாலுகா என்றிருக்கும் வடலூர்ப் பகுதி, இன்று குறிஞ்சிப்பாடி வட்டம். பெயர் வேறானதால் பத்திரம் செல்லாமல் போகாது; கிராமம் எந்த வட்டத்திலிருந்து எதற்குப் போனது என்று மனுவில் எழுதினால் போதும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டில் பல இடங்களில் சர்வே எண்ணும் மாறியது, ஏக்கர் ஹெக்டேர் ஆனது. பழைய எண்ணுக்கு நேரான புது எண்ணை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு, பத்திரத்தின் நான்கெல்லையோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

பழைய பத்திரத்தை மடிப்பில் கிழியவிடாமல் இருபக்கமும் நகல் எடுத்து வையுங்கள். அதில் உள்ள தமிழ் வருஷம், ஃபசலி, ஆங்கிலத் தேதி மூன்றையும் தனித்தாளில் எழுதி உடன் வைத்தால், அடுத்த தலைமுறைக்கு அலைச்சல் மிச்சம்.