ஒரு மரக்கால் விதை

திருவாரூர் பக்கம் ஒரு கிராமம். சம்பா நட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. விடாமல் பெய்த மழையில் வயல் குளமாகி, 8 நாள் தண்ணீர் வடியவில்லை. வடிந்தபோது பயிர் அழுகிக் கிடந்தது. 3 ஏக்கரில் போட்ட காசு மொத்தமும் போயிற்று.

நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்க்கும் மகள் அந்த வாரம்தான் வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பா நேராகவே கேட்டுவிட்டார்.

“ஏம்மா, தண்ணி தாங்குற புது நெல்லு ஒண்ணு உங்க பண்ணையில நல்லா வந்திருக்குன்னு சொன்னியே... அதுல ஒரு மரக்கால் எடுத்துட்டு வாயேன். நான் பெருக்கிக்கிறேன்.”

“அது இன்னும் ரகமே ஆகலைப்பா. வெறும் நம்பர்தான். வெளியில குடுக்கக் கூடாது.”

“பெத்த அப்பனுக்கும் கூடாதா?”

அன்று இரவு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. இரண்டு நெல்லை ஒட்டுச்சேர்த்தால், அதன் வாரிசுகள் ஒரே மாதிரி விளையும்வரை ஆறேழு தலைமுறை விதைத்து எடுக்க வேண்டும். முன்பு அதற்கே பல ஆண்டுகள் ஓடிவிடும். இப்போது வெளிச்சத்தையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்திய அறையில் ஆண்டுக்கு 4, 5 தலைமுறைகூட எடுக்கலாம். இலையில் ஒரு துண்டு கிள்ளி, வேண்டிய மரபணு இருக்கிறதா என்று நாற்றிலேயே பார்த்துவிடலாம்.

காலையில் காபி கொடுக்க வந்த மகளிடம் அதையேதான் கேட்டார். “செய்யறதை சீக்கிரமா செஞ்சுட்டு, அப்புறம் எதுக்கு வருஷக்கணக்கா வெச்சுக்கிட்டு இருக்கீங்க?”

அவள் உட்கார்ந்து சொன்னாள். முதலில் பண்ணையிலேயே சோதனை. பிறகு பல ஊர்களின் ஆராய்ச்சி நிலையங்களில். பிறகு விவசாயிகளின் வயலில், அவர்கள் வழக்கமாகப் போடும் ரகத்துக்குப் பக்கத்திலேயே. பழையதைவிட விளைச்சலிலோ வேறு குணத்திலோ மேலாக இருந்தால்தான் அடுத்த படி. குலைநோய், புகையான் தாங்குமா, அரைத்தால் எவ்வளவு முழு அரிசி தேறும், சோறு எப்படி இருக்கும் என்றெல்லாம் பார்ப்பார்கள். அதன்பிறகு ரக வெளியீட்டுக் குழு ஒப்புக்கொண்டு, 1966-ம் ஆண்டின் விதைச் சட்டப்படி அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் சான்று விதை.

“ரூமுக்குள்ள நெல்லை அவசரப்படுத்தலாம்ப்பா. ஐப்பசி மழையை அவசரப்படுத்த முடியுமா? ஒரு வருஷம் வெள்ளம், ஒரு வருஷம் காய்ச்சல், ஒரு வருஷம் பூச்சி. எல்லாத்தையும் அது பார்க்கணும்.”

கையோடு அவள் இன்னொன்றும் சொன்னாள். சோதனையெல்லாம் தாண்டி வந்த ‘சி.ஆர். 1009 சப்-1’ இருக்கிறது. டெல்டாவில் காலங்காலமாகப் போடும் சி.ஆர். 1009-தான் அது. ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து, சுமார் 2 வாரம் தண்ணீருக்குள் மூழ்கினாலும் தாங்கும் குணத்தை மட்டும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அடுத்த சம்பாவுக்கு வேளாண் விரிவாக்க மையத்தில் அதை வாங்கி விதைத்தார் அப்பா.

அந்தப் பருவத்தின் கடைசியில் மகள் போன் செய்தாள். “நீங்க கேட்டீங்களே, அந்த நெல்லு... போன வருஷம் அவ்வளவு நல்லா இருந்துச்சு. இந்தத் தடவை 2 ஊர்ல புகையான் அடிச்சு வட்டம் வட்டமா கருகிடுச்சுப்பா. தள்ளிட்டாங்க.”

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. “நான் பெருக்கி 3 ஏக்கர்லயும் போட்டிருப்பேன்” என்றார். “கேட்டிருந்தா பக்கத்து வீட்டுக்காரனுக்கும் குடுத்திருப்பேன்.”

சோதனைச் செலவைப் பண்ணை தாங்கும். அதே தோல்வி அவர் வயலில் வந்திருந்தால், கூட்டுறவு சங்கக் கடனும் கழுத்துச் சங்கிலியும்தான் தாங்கியிருக்க வேண்டும்.

ஆனால், காத்திருப்புக்கும் விலை உண்டு என்பதை மகளும் மறுப்பதில்லை. ரகம் வெளியான பிறகும் வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்று பெருகி ஊருக்கு வந்து சேரப் பல பருவங்கள் ஆகின்றன. ‘சோதனையைக் குறைக்க வேண்டாம், அது முடியும் தறுவாயிலேயே விதைப் பெருக்கத்தைத் தொடங்கினால் அந்தக் காலம் மிச்சம்’ என்பது அவள் கட்சி.

இந்த ஆண்டு உழவர் வயல் சோதனைக்கு இடம் கேட்டு வந்தவர்களுக்கு, வாய்க்கால் ஓரமாக 10 சென்ட் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார் அப்பா. வரப்பில் ஒரு குச்சி, அதில் தகரத்தில் எழுதிய ஒரு நம்பர். தினமும் காலையில் அங்கே போய்க் குனிந்து, தூரை விலக்கிப் பார்க்கிறார். மகள் போன் செய்தால் இப்போதெல்லாம் அவர் விதை கேட்பதில்லை.

“இது பொகையான் தாங்குமா? நீ அதை முதல்ல சொல்லு.”