எருது ஓடுகிறது, கணினி நிற்கிறது

பொங்கல் கழிந்ததும் சூளகிரி வட்டாரத்தில் எருது விடும் விழாக்கள் களைகட்டும். கொம்பில் அலங்காரத் தட்டி கட்டிய காளைகள் கூட்டத்துக்கு நடுவே பாய, அந்தத் தட்டியைப் பறிக்க இளைஞர்கள் முண்டியடிப்பார்கள். 2023 பிப்ரவரி 2 அன்று கோபசந்திரம் கிராமத்தில் அனுமதி தாமதமானதால் தேசிய நெடுஞ்சாலையே மறிக்கப்பட்டது. விழாவின் மேல் மக்களுக்கு அவ்வளவு பற்று! இப்போது அதைப் படம்பிடிக்க, தடுப்பு மூங்கிலிலும் இளைஞர்களின் நெஞ்சிலும் கோப்ரோ கேமராக்கள் ஏறிவிட்டன.

அந்தப் படங்கள் வந்து சேரும் கடைவீதி ஸ்டூடியோ ஒன்றுக்குப் போயிருந்தேன். நான்காம் தலைமுறை ஐ5 கணினி, விண்டோஸ் 7, எடியஸ் எடிட்டிங் மென்பொருள். முகூர்த்த வீடியோக்களை ஆண்டுக்கணக்கில் சளைக்காமல் வெட்டிக் கொடுத்த கணினி அது. கோப்ரோ ஃபைலைத் திறந்தால் சத்தம் மட்டும் கேட்டது, படம் வரவில்லை.

“கார்டு போச்சாண்ணா?” கேமரா கொண்டுவந்த பையன் பதறினான்.

“கார்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. பேரு ‘ஜிஎக்ஸ்’னு ஆரம்பிக்குது பாரு.”

எடிட்டர் ஃபைலின் பெயரை வைத்தே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். ‘ஜிஹெச்’ என்று தொடங்கினால் 2003-இல் வந்த ஹெச்.264 என்ற வீடியோ சுருக்க முறை, ‘ஜிஎக்ஸ்’ என்றால் 2013-இல் வந்த ஹெச்இவிசி. 2017-இல் வெளியான ஹீரோ 6 முதல் கோப்ரோவில் இந்தப் புதிய முறை இருக்கிறது. பழைய முறை படத்தை 16-க்கு 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும். புதியது 64-க்கு 64 வரை போகும். ஏறக்குறைய அதே தரத்தில் ஃபைல் பாதியாகக் குறைகிறது. ஆனால் அதைப் பிரித்துக் காட்டும் வேலை கூடுகிறது. அந்த வேலைக்கென்றே தனிப் பகுதி இன்டெல் சிப்புகளில் 2015-இல், ஆறாம் தலைமுறையில்தான் முழுமையாக வந்தது. 10-பிட் படத்துக்கு ஏழாம் தலைமுறை வேண்டும்.

“புது சிஸ்டம் வாங்குங்க” என்பது எளிதான யோசனை. சீசன் வருமானத்தை நம்பியிருக்கும் ஸ்டூடியோவுக்கு அது கடன்.

எடிட்டர் வேறு வழி வைத்திருந்தார். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் 2000-இல் ஃபேப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கியது. இரவு கடையைச் சாத்தும் முன் எல்லா ஃபைல்களையும் அதில் போட்டு, 1080 அளவில் ஹெச்.264-ஆக மாற்ற விட்டுப் போகிறார். முடிவில் தரப்போவதும் 1080 வீடியோதான். தரக்குறைவு என்று யாரும் குறைசொல்ல இடமில்லை. அழகான வேலை இது! பகலில் எந்தக் காட்சி தேறும் என்று பார்க்க, கேமராவே பக்கத்தில் எழுதிவைக்கும் சிறிய எல்ஆர்வி ஃபைல் போதும். அதன் பெயரின் கடைசி எழுத்துகளை எம்பி4 என்று மாற்றினால் பழைய கணினியிலும் ஓடும். மாற்றிய ஃபைல்களுக்குக் கூடுதல் ஹார்டு டிஸ்க் தேவைப்படும். புதுக் கணினியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது சின்னச் செலவு.

விழாவுக்குக் கேமரா கட்டப்போகும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நாளே கொஞ்சம் எடுத்து எடிட்டரின் கணினியில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் மாடலில் ஹெச்.264 தேர்வு இருந்தால் அதையே வையுங்கள். வீடியோ கைக்கு வரும்வரை கார்டில் உள்ள மூல ஃபைலை அழிக்காதீர்கள்.