மலை ஏறப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

(மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



கடைசி செமஸ்டர் முடிந்ததும் மலைக்கு ஒரு ட்ரிப் போடணும் என்று ஹாஸ்டலில் பேச்சு பலமாக ஓடுகிறது. ஷூ யாரிடம் இரவல் வாங்குவது, போட்டோ யார் எடுப்பது, ஸ்பீக்கர் யார் தூக்குவது என்று எல்லாம் முடிவாகிவிட்டது. தண்ணீர் எத்தனை லிட்டர், திரும்பும் நேரம் என்ன, வழி தெரிந்தவர் யார்? இந்த மூன்றை மட்டும் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நான் போடிநாயக்கனூர் பக்கம் மலையடிவாரக் கிராமத்துக்காரன். அப்பா ஏலத்தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். இன்றும் கைநாட்டுதான். எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாக டிராயிங் போர்டு பிடித்தவன் நான். ஆனால் மலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அந்தக் கைநாட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தது.

அப்பா காட்டு வழியே நடக்க வேண்டியிருந்தால் முதல் வேலை அம்மாவிடம் சொல்வது. "இன்ன பாதையில போறேன். வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துருவேன். வரலைன்னா பக்கத்து வீட்டுல சொல்லிரு." இவ்வளவுதான். இதற்குச் செலவு ஒரு பைசா கிடையாது. ஆனால் ஒருவன் காணாமல் போனால் தேடுகிறவர்களுக்கு எங்கே தேடுவது, எப்போது தேடத் தொடங்குவது என்ற இரண்டு கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. நாமோ வீட்டில் "பிரெண்டு வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு மலைக்குப் போகிறோம்!

அப்பாவின் துணிப்பையில் இருப்பவை: தண்ணீர், பொரிகடலை, வெல்லம், அட்டைப்பூச்சிக்கு உப்பு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய தீப்பெட்டி, ஒரு டார்ச், ஒரு பருத்தித் துண்டு. நான் இதில் இரண்டு சேர்த்திருக்கிறேன். ஒன்று விசில். தொண்டை வற்றினாலும் விசில் ஊதலாம். மூன்று மூன்று முறையாக ஊதினால் ஆபத்து என்பது பல இடங்களில் அறிந்த அடையாளம். இன்னொன்று செல்போனை ஏரோப்ளேன் மோடில் வைப்பது. சிக்னல் இல்லாத இடத்தில் சிக்னலைத் தேடித் தேடியே போன் சார்ஜைத் தின்றுவிடும். பகல் முழுக்க நடப்பதானால் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

இனி தீயைப் பற்றி. இதை எழுதக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. நான் ஐந்தாம் வகுப்பு. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 உயிர்கள் போயின. பெரும்பாலும் இளம் வயதினர். அன்று இரவு ஊர் ஆட்களோடு அப்பாவும் மேலே போனார். அடிபட்டவர்களைப் போர்வையில் போட்டுத் தூக்கி இறக்கினார்கள். விடிந்து வீட்டுக்கு வந்தவர் சோற்றைத் தொடவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாயங்காலம்தான் வாய் திறந்தார். "எல்லாம் படிச்ச புள்ளைகடா. தீ மேல்நோக்கித்தான் வேகமா ஓடும்னு அதுகளுக்கு யாருமே சொல்லிக் குடுக்கலையா?"

அந்தக் கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியாது. டிப்ளமாவில் தெர்மல் பாடம் படித்தபோது சட்டென்று நினைவுக்கு வந்தது. சூடான காற்று மேலே எழும்பும். சரிவில் தீச்சுவாலை மேலே உள்ள புல்லை நெருங்கிச் சாய்ந்து, தொடுவதற்கு முன்பே அதைக் காயவைத்துவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பில் சொல்லப்படும் கணக்கு. நாம் மேட்டில் ஏற ஏற மூச்சு வாங்கும்; தீக்கு மேடுதான் சவாரி! ஆகவே கீழிருந்து தீ வந்தால் அதற்கு நேர் மேலே ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறை, வெட்டவெளி, அல்லது ஏற்கெனவே எரிந்து அணைந்த இடத்துக்குப் போங்கள். ஆள் உயரப் புல்லுக்குள் ஒளியாதீர்கள். நைலான், பாலியஸ்டர் உடை உருகித் தோலில் ஒட்டும். பருத்தி உடையே நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, புல் காய்ந்த மாதங்களில் மலைக்குப் போகாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு.

வழி தவறினால்? நில்லுங்கள். உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். பதற்றத்தில் நடக்கும் ஒவ்வொரு அடியும் தேடி வருகிறவர்களிடமிருந்து உங்களைத் தூரமாக்கும். ஓடையைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஊர் வரும் என்பார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஊருக்கு முன்னால் அருவிப் பள்ளம் வந்துவிடும். நமக்கு வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை காட்டாற்று வெள்ளமாக இறங்கவும் கூடும். பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு இறுக்காதீர்கள். கடிபட்ட கை கால் அசையாமல் பார்த்துக்கொண்டு, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள். 108-ஐ மறக்க வேண்டாம்.

அனுமதி வாங்காமல் போவதில் வீரம் எதுவும் இல்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளில் மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. பதிவு செய்தால் உள்ளூர் மக்களே வழிகாட்டிகளாக வருவார்கள். எங்கள் மலை மக்களுக்கும் அதனால் நாலு காசு கிடைக்கும்.

நண்பர்களே, நாளை நாம் டிப்ளமா சான்றிதழோடு வெளியே போவோம். எங்காவது ஒரு மலையடிவார டீக்கடையில், கைலி கட்டிய ஒருவர் "தம்பி, இன்னைக்கு அங்கிட்டுப் போகாதீங்க, காத்து சரியில்ல" என்பார். அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். ஏன் என்று கேளுங்கள், ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்து கேளுங்கள். அவர் எந்தப் புத்தகமும் படித்திருக்க மாட்டார். ஆனால் ஒருவேளை, எந்தப் பெற்றோரோ பெற்ற பிள்ளையை ஓர் இரவு முழுக்கத் தோளில் சுமந்து இறங்கியவராக இருக்கலாம்.

போய் வாருங்கள். பத்திரமாகத் திரும்பி வாருங்கள்!