அரை நிமிஷம்

நாவல் எழுதுகிறவனைப் பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு ஏன் தலைமை தாங்கக் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்கு விளங்காத மர்மம். நான் கடைசியாக ஓடியது திண்டிவனம் ஸ்டேஷனில், புறப்பட்டுவிட்ட ரயிலைப் பிடிக்க. அதிலும் ரயில்தான் ஜயித்தது. இருந்தும், அதே திண்டிவனத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடத்தார் வந்து அழைத்தபோது, மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆசைப்பட்டுச் சரியென்று சொல்லிவிட்டேன்.

800 மீட்டர் பந்தயத்தில் நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பெண், வெறுங்காலோடு, மற்றவர்களை வெகு தூரம் பின்னால் விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். கோப்பையைக் கையில் எடுத்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெரிய மனிதர் என் காதோடு சொன்னார்: "கொஞ்சம் யோசித்துக் கொடுங்கள் ஸார்! அது பெண்தானா என்றே சிலருக்குச் சந்தேகம்."

நான் யோசித்தேன். அதுதான் தப்பு. கோப்பை அரை நிமிஷம் என் கையிலேயே நின்றது. அவள் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. உடற்பயிற்சி ஆசிரியர் என் முழங்கையைத் தொட்ட பிறகே கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், சிரிக்கவில்லை.

விழாவுக்கு என் தம்பி மகளும் வந்திருந்தாள். முண்டியம்பாக்கத்தில் இருக்கிறதே, விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி, அங்கே படிக்கிறவள். மாலை ரயிலில் சேர்ந்தே திரும்பினோம். மயிலம் தாண்டும் வரையில் அவள் வாய் திறக்கவில்லை. பிறகு, "பெரியப்பா, சாந்தி சௌந்தரராஜனை ஞாபகம் இருக்கிறதா?" என்றாள்.

இருந்தது, பாதி. புதுக்கோட்டை ஜில்லா கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைக் கூலிகளுக்குப் பிறந்த பெண். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் இதே 800 மீட்டரில் வெள்ளிப் பதக்கம். பிறகு பால் பரிசோதனை என்றார்கள், தேறவில்லை என்றார்கள், பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய வைத்திய ரகசியம் நாடு முழுவதும் தொலைக்காட்சிச் செய்தியாக ஓடியது. அப்போது முதலமைச்சராக இருந்த கருணாநிதி மட்டும் 15 லட்சம் ரூபாய்ப் பரிசை மறுக்காமல் கொடுத்தார்.

"அதற்குப் பத்து வருஷம் முன்னால் என்ன நடந்தது தெரியுமா? 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் பரிசோதித்தபோது எட்டுப் பெண்கள் தேறவில்லை. எட்டுப் பேரையும் ஓட விட்டார்கள்."

"அதெப்படி?"

"சிலருக்கு ஆணுக்குரிய குரோமோசோம் இருக்கும்; ஹார்மோனும் சுரக்கும். உடம்பு அதற்குச் செவி சாய்க்காது. பெண்ணாகவே பிறந்து, பெண்ணாகவே வளர்வார்கள்."

"சித்திரையில் கூவாகத்துக்கு வருகிறார்களே, விழுப்புரமே நிரம்பி வழியுமே, அவர்களைப் போல..."

"அது வேறு, இது வேறு, பெரியப்பா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நாற்பது வருஷமாகக் கதை எழுதுகிறேன். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது.

சும்மா இருக்க மனம் வராமல், "இரண்டாவதாக வந்த பெண்ணும் வியர்வை சிந்தித்தானே ஓடினாள்? அவளுக்கு நியாயம் வேண்டாமா?" என்றேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. வேண்டும்தான் என்றாள். ஆண்பிள்ளை ஓட்டக்காரன் பெண்ணைவிடச் சுமார் பத்து சதவிகிதம் வேகம். அதனால்தான் பெண்களுக்குத் தனிப் பந்தயம். கோட்டை எங்கே கிழிப்பது என்பதுதான் தகராறு. ஒடிஸாவின் தூத்தி சந்த் வழக்குப் போட்டபோது, 2015-இல் விளையாட்டு நடுவர் மன்றம், ஹார்மோன் விதியை நிறுத்திவைத்து, அத்தாட்சி கொண்டு வாருங்கள் என்றது. 2017-இல் சர்வதேசத் தடகளச் சங்கத்து மருத்துவர்களே ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அடுத்த வருஷம் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரைக்கும் புது விதி. 2021-இல் அதே மருத்துவப் பத்திரிகையில் திருத்தம் வந்தது: ஹார்மோன்தான் வேகத்துக்குக் காரணம் என்று அந்த ஆராய்ச்சி நிரூபிக்கவில்லையாம்! 2025 செப்டம்பரிலிருந்து மரபணுப் பரிசோதனை என்று விதி மறுபடியும் மாறியது. பத்திரிகைக்குத் திருத்தம் போட ஒரு மூலை இருக்கிறது. சாந்திக்கு எந்த மூலையில் போடுவார்கள்?

ஜன்னலுக்கு வெளியே விக்கிரவாண்டி வந்து போயிற்று. ஒரு நல்ல செய்தியும் சொன்னாள். 2019-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இப்படிப் பிறக்கும் சிசுக்களை அவசியமில்லாமல் அறுத்து ஆணாகவோ பெண்ணாகவோ 'சரிசெய்யக்' கூடாது என்றது. அதே வருஷம் தமிழ்நாட்டு சர்க்காரும் உத்தரவு போட்டது. பிரசவ வார்டில் குழந்தைக்குக் கிடைத்த அவகாசத்தைப் பந்தயக் களத்தில் யாரும் கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முண்டியம்பாக்கத்தில் இறங்கும்போது, "நீங்கள் அந்த அரை நிமிஷம் நின்றதை எல்லாரும் பார்த்தார்கள், பெரியப்பா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

விழுப்புரம் பிளாட்பாரத்தில் இறங்கிய பிறகுதான் அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்கு நினைவில்லை என்று தெரிந்தது. உடற்பயிற்சி ஆசிரியருக்கு டெலிபோன் செய்து கேட்டேன். சொன்னார். அடுத்த மாதம் ஜில்லாப் போட்டி விழுப்புரத்திலேதானாம். அதற்கும் தலைமை தாங்க வருகிறேனா என்று ஆவலாகக் கேட்டார்.

"தலைமை வேண்டாம், ஸார். அவள் ஓடி முடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு கிடைத்தால் போதும்" என்றேன்.