மாடி அறைப் பெண்கள்

ஜூன் 9

மாடியில் குடியிருக்கும் ஒடியாப் பெண்ணின் வலக்கையில் இரண்டு விரல்நுனிகள் பிரஸ் மெஷினில் போய்விட்டன. "கையை எடு" என்று சூப்பர்வைசர் கத்தியிருக்கிறார். அவள் கத்தியவரைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

ஜூன் 10

தூக்கமில்லை.

ஜூன் 14

அவளோடு தங்கியிருக்கும் பெண்கள் ஷிப்ட் முடிந்து நேராக என் வாசலுக்கு வந்தார்கள். "மௌசி, தமிழ்." அவ்வளவுதான் சொன்னார்கள். மௌசி என்றால் சித்தி. வேலையில் இருந்த காலமெல்லாம் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கே தமிழ் நடத்தியவள் நான். 2001-இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களைப் போனில் திறந்தேன். அருமையான வேலை. கடல் கடந்த நம் பிள்ளைகளுக்குப் பெரிய வரம். ஆனால் அது எழுத்தில் தொடங்குகிறது. இவர்களுக்கு முதலில் வேண்டியது காது. சிப்காட் தொழிற்பேட்டையில் யாரும் செந்தமிழில் கத்துவதில்லை.

ஜூன் 15

'காஞ்சனா'! 2011-இல் வந்த பேய்ப் படம். இந்தியில் டப் செய்ததை ஊரிலேயே டிவியில் பார்த்திருக்கிறார்களாம். தமிழில் போட்டுக் காட்டினேன். கோவை சரளா வாயைத் திறப்பதற்குள் சிரிக்கிறார்கள். அடுத்து என்ன நடக்கும், யார் யாரைத் திட்டுவார்கள், எல்லாம் தெரியும். பொருள் முன்பே மனதில் இருக்கிறது, ஓசை மட்டும் புதிது. குழந்தையும் இப்படித்தானே பேசப் பழகுகிறது? படத்தில் அம்மாவும் அண்ணியும் வீட்டுக்குள் பேசுகிற பேச்சும் இருக்கிறது. அதை எந்தப் பாடநூலும் தராது. மனசு நிறைந்திருந்தது இன்று.

ஜூன் 22

இந்தி வசனத்தையும் தமிழ் வசனத்தையும் வரிக்கு வரி எழுதிப் பார்த்தேன். சேரவில்லை. டப்பிங்கில் நடிகரின் உதடு மூடும் இடத்தில் ப, ம மாதிரி ஓசை விழ வேண்டும், வாய் ஓயும்போது வசனமும் ஓய வேண்டும். அதற்காக வாக்கியத்தையே மாற்றிவிடுகிறார்கள். ஆகவே வரி வரியாக வேண்டாம். ஒரு காட்சியை முழுதாக இந்தியில், பிறகு அதையே தமிழில்.

ஜூலை 6

ராஜாஜி பிறந்த வீட்டைக் காட்டக் கூட்டிப்போனேன். 1878-இல் இங்கே பிறந்தவர் 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். மாகாணமே கொந்தளித்தது. 1940-இல் அந்த உத்தரவு போயிற்று. இன்று அவர் ஊர்த் தெருவில் இந்திப் பேச்சு நடமாடுகிறது, யாரும் கட்டாயப்படுத்தாமல், பிழைப்புக்காக. தமிழையும் இந்தப் பெண்கள் அப்படியே கேட்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் "இதுங்களுக்கு எதுக்கு டீச்சர்?" என்றார். பதில் சொல்லவில்லை. இன்னும் கோபம் ஆறவில்லை.

ஜூலை 13

பேய்ப் படத்தில் பிரஸ் மெஷின் வராது. "நிறுத்து", "தள்ளு", "கையை எடு", "கரண்ட் வருது" இவற்றை யார் சொல்லித்தருவது? பக்கத்து வீட்டு ஃபிட்டர் தம்பியைப் போனில் பதிவு செய்யச் சொன்னேன். நிதானமாகப் பேசினார். "அப்படி இல்லப்பா, லைன்ல கத்துற மாதிரி கத்து" என்றேன். கத்தினார். மூன்றாவது சொல்லில் காயம்பட்டவள் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

ஜூலை 14

வகுப்பு இல்லை.

ஜூலை 20

அவளே இறங்கி வந்தாள். தோழிகளிடம் ஒடியாவில் ஏதோ சொன்னாள். பிறகு போனை வாங்கி அந்தப் பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒவ்வொருத்தியும் கையைப் பின்னால் இழுக்கும்வரை விடவில்லை.

ஜூலை 27

நாளை ஈ.எஸ்.ஐ. ஆபீஸ். விபத்து எப்படி நடந்தது என்று கேட்பார்கள். "நான் சொல்றேன் மௌசி, நீங்க பேசாதீங்க" என்கிறாள். ஒரு சொல் பிசகினாலும் நஷ்டம் அவளுக்குத்தான். சரி என்று சொல்லிவிட்டேன். பயமாக இருக்கிறது.